கழற்றி மாட்டும் வெல்டிங் கருவிக்காக ஒரு மேன்முறையீடு

கொழும்பில் சிறு வேலைத்தளம் வைத்திருக்கும் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்கான தனியுரிமை) கேட்டு, "துறை தெரிந்த யாருக்கும் தோன்றக்கூடியதுதானே" என்று மறுத்துவிட்டால் அதோடு கதை முடிந்ததா? முடியவில்லை. எங்கள் கருவிக்கு அந்த மறுப்பு வந்தது. மேன்முறையீட்டுக்குப் போனோம். பாதி தோற்று, பாதி வென்றோம். விண்ணப்பம் போடுவது எப்படி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். மறுப்புக்குப் பிறகு நடப்பதைத் தமிழில் எழுதியவர்களை நான் காணவில்லை. அதனால் அந்தப் பகுதியைத்தான் விரிவாக எழுதப் போகிறேன்.

கருவியைச் சொல்லாமல் வழக்கைச் சொல்ல முடியாது. நாங்கள் கிராண்ட்பாஸில் அலுமினிய வேலை செய்கிறவர்கள். லேத்தும் மில்லிங்கும் மற்றவர்கள் கையில். வரைபடமும் கடிதப் போக்குவரத்தும் என் பொறுப்பு. தடித்த தகடுகளைச் சேர்க்க, பழைய மில்லிங் மெஷின் ஒன்றில் உராய்வு வெல்டிங் முறையைப் பழக்கியிருந்தோம். 1991இல் இங்கிலாந்தின் டி.டபிள்யூ.ஐ. நிறுவனத்தில் கண்டுபிடித்த முறை அது. ஃப்ரிக்‌ஷன் ஸ்டர் வெல்டிங் என்பார்கள். ஆர்க் இல்லை, கம்பி இல்லை. வேகமாகச் சுழலும் உருக்குக் கருவியை இரண்டு தகடுகளும் சந்திக்கும் கோட்டில் இறக்கி, அழுத்திப் பிடித்தபடி நகர்த்த வேண்டும். கருவியின் அகன்ற பகுதியைத் தோள் என்போம். அது தகட்டின் மேல் உராய்ந்து சூடேற்றும். தோளின் நடுவிலிருந்து நீண்டிருக்கும் முளையைப் பின் (pin) என்போம். அது உள்ளே இறங்கிக் கலக்கும். அலுமினியம் உருகுவதில்லை. ரொட்டிக்கு மா பிசைவது போலக் குழைந்து, ஒன்றாகி இறுகும்.

தேய்வதும் முறிவதும் அந்தப் பின்தான். தோளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இரண்டையும் ஒரே துண்டில் கடைந்திருப்பதால் பின் முறிந்தால் முழுக் கருவியும் போச்சு. பழைய சோனகத் தெருவில் மறுபடி உருக்குத் தேடி, கடைந்து, சூடேற்றிக் கடினப்படுத்தி எடுப்பதற்குள் வேலை நின்றுவிடும். எங்கள் லேத்தில் நிற்கும் அண்ணன் பின்னைத் தனியாகக் கடைந்து, பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ போட்டு இறுக்கிப் பார்த்தார். வெல்ட் நன்றாக வந்தது, பின் கழரவில்லை. ஸ்க்ரூவைக் கழற்றி, சுத்தியலால் தட்டியும் அசையவில்லை. கடைசியில் கருவியையே நெடுக்காக அறுத்தோம். பின்னுக்கும் தோளுக்கும் இடையே இருந்த மயிரிழை இடைவெளிக்குள் குழைந்த அலுமினியம் ஏறி, பளபளவென்று ஒரு வளையமாக உறைந்திருந்தது.

அதற்கு அண்ணன் கண்ட வழிதான் எங்கள் கண்டுபிடிப்பு. பின்னின் அடியில் அகலமாக ஒரு பட்டை விட்டார். தோளின் உட்பகுதி அந்தப் பட்டையாலேயே ஆனதால், இரண்டு துண்டுகளும் சந்திக்கும் பொருத்துக்கோடு பின்னின் வேரிலிருந்து விலகி வெளியே போனது. பட்டைக்கு மேலே கூம்பு வடிவ இருக்கை. வெல்ட் செய்யும்போது கீழிருந்து வரும் அழுத்தமே கூம்பை உள்ளே தள்ளிக் கோட்டை மூடிவிடும். அழுத்தம் கூடக் கூட இறுக்கமும் கூடும். வேலை முடிந்ததும் பின்புறம் ஒரு போல்ட்டைத் திருகினால் பின் வெளியே வந்துவிடும்.

2019 இறுதியில் கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் முதல் விண்ணப்பத்தைக் கொடுத்தோம். அந்தத் திகதியை முன்னுரிமைத் திகதியாக, அதாவது புதுமையைக் கணக்கிடும் நாளாக, வைத்து 12 மாதத்துக்குள் பி.சி.டி. என்ற உடன்படிக்கையின் கீழ் சர்வதேச விண்ணப்பம், 30 மாதத்துக்குள் அமெரிக்க விண்ணப்பம். 30 மாதம் முடியும் நேரம் 2022 ஆகிவிட்டது. மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள்; 200 அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியிருந்தது. காசு சேர்ப்பது ஒரு பாடு, அதை டொலராக வெளியே அனுப்புவது இன்னொரு பாடு. அமெரிக்க பேட்டன்ட் அலுவலகம் சிறு நிறுவனங்களுக்குக் கட்டணத் தள்ளுபடி தருகிறது; 2022 இறுதியில் அது 60 சதவீதமாக உயர்ந்தது. தகுதி இருந்தால் விடாதீர்கள்.

மறுப்பு வந்தது. விண்ணப்பத்தைப் பரிசீலித்த அமெரிக்க அலுவலகப் பரிசோதகர் இரண்டு பழைய ஆவணங்களை எடுத்துக் காட்டினார். ஒன்று, ஒரே துண்டாகச் செய்த உராய்வு வெல்டிங் கருவி. மற்றது, தலையைக் கழற்றி மாற்றக்கூடிய மில்லிங் கட்டர். தேய்ந்த பகுதியை மாற்ற வேண்டும் என்றால் இரண்டையும் சேர்த்து யோசிப்பது யாருக்கும் இயல்பு என்பது அவருடைய வாதம். துணைக்கு 1961ஆம் ஆண்டின் டல்பெர்க் தீர்ப்பு: உதட்டுச்சாயக் குழாயின் ஒரு முனையை எட்ட வேண்டிய தேவை இருந்தால், மூடியைக் கழற்றக்கூடியதாகச் செய்வது வெளிப்படையான விஷயம் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. "கழற்றி மாட்டுவது" என்று யார் விண்ணப்பித்தாலும் எதிரே வந்து நிற்கிற தீர்ப்பு இது. அதற்கு மேலே 2007இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த கே.எஸ்.ஆர். தீர்ப்பு, தெரிந்த பொருள்களைச் சேர்த்து, எதிர்பார்த்த பலனையே பெற்றால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்திலும் அளவுகோல் இதுதான். அந்தத் துறையில் சாதாரண தேர்ச்சி உள்ளவருக்கு அது வெளிப்படையாகத் தோன்றியிருக்குமா என்பதே கேள்வி.

முதலாளிக்குக் கோபம். "இவ்வளவு சுலபமெண்டா ஏன் இவ்வளவு நாளும் ஒருத்தரும் செய்யேல்ல?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கேள்வியைக் கோபமாக எழுதி அனுப்பினால் பலன் இல்லை என்று எங்கள் அமெரிக்கச் சட்டத்தரணி சொல்லிவிட்டார். மில்லிங் கட்டர் ஆவணத்தின் படங்களை அச்செடுத்து லேத் அண்ணனிடம் காட்டினேன். ஆங்கிலத்தை அவர் படிக்கவே இல்லை. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, மில்லிங் கட்டர் தலைக்குள்ள எப்பவாவது அலுமினியம் போய் இறுகினதைக் கண்டிருக்கிறியா? அது சீவித் தள்ளுது. நம்மட கருவி பிசையுது. அதோட, கட்டரைப் பிடியிலயிருந்து உருவப் பாக்கிற இழுவை வரும், அதுக்குத்தான் திருகுப் புரி போட்டுப் பிடிச்சிருக்கிறான். நம்மட பின்னை மேலயெல்லோ தள்ளுது."

அந்தச் சில வாக்கியங்களில் முழு வழக்கும் இருந்தது. மில்லிங் கட்டர் செய்தவருக்கு எங்கள் சிக்கலே வந்திருக்காது. வராத சிக்கலுக்கு அவர் தீர்வு தேடியிருக்கவும் மாட்டார். அவருடைய தலையை அப்படியே வெல்டிங் கருவியில் பொருத்தினால் பின் ஒட்டிக்கொண்டு கழராமல் போகும். கழற்றுவதற்காகச் சேர்த்துவிட்டு, கழராத கருவியைப் பெறுவதை எப்படி வெளிப்படையான முன்னேற்றம் என்று சொல்வது?

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். மேன்முறையீட்டு அறிவித்தலைக் கொடுத்த பிறகு புதிய ஆதாரம் சேர்ப்பது மிகக் கடினம். விதிவிலக்குகள் உண்டு, நம்பி இருக்க முடியாது. பேட்டன்ட் அலுவலகத்தின் நீதிபதிகள் கொண்ட மேன்முறையீட்டுச் சபை பார்ப்பது ஏற்கெனவே கோவையில் உள்ளதைத்தான். ஆதலால் முதல் மறுப்புக்குப் பதில் எழுதும்போதே சத்தியக்கடதாசி மாதிரி ஒரு பிரகடனத்தை அண்ணனின் பெயரில் கொடுத்தோம். ஸ்க்ரூ போட்ட பின் ஒட்டிக்கொண்டது, அறுத்துப் பார்த்தபோது கண்டது, பட்டையும் கூம்பும் வைத்த பிறகு கழன்றது, எல்லாம் படங்களோடு அதில் போனது. அறுத்த துண்டை உரசி, மெருகேற்றி, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்த படம்தான் முக்கியம். பிரகடனம் கையெழுத்திடுபவருக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அண்ணன் தமிழில் சொன்னார், தமிழில் வாசித்தார், தமிழில் கையெழுத்திட்டார். சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதியோடு ஆங்கிலப் பிரதியை இணைத்தோம். எல்லாவற்றையும் கையால் செய்து கண்டவர் அவரேதான் என்பதால், அவர் வாயால் வந்ததற்கு வேறு எதற்கும் இல்லாத பெறுமதி இருந்தது. ஆங்கிலம் தெரிந்த நான் கையெழுத்திட்டிருந்தால் அந்தப் பெறுமதி வந்திராது என்று இன்றும் நம்புகிறேன்.

பரிசோதகர் மனம் மாறவில்லை. இறுதி மறுப்பு வந்தது. கட்டணம் கட்டி மறுபடி பரிசோதனை கேட்கும் வழியும் இருக்கிறது. ஆனால் ஆதாரம் முழுவதும் கோவையில் இருந்ததால், 2024இல் மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுத்தோம். அங்கிருந்து 2 மாதத்துக்குள் வாதுரை, அதாவது எங்கள் வாதங்களை எழுதிக் கொடுக்கும் ஆவணம்.

வாதுரையில் சட்டத்தரணி செய்த ஒரு காரியம் எங்களைக் காப்பாற்றியது. கிளெய்ம் என்றால், எதற்கு உரிமை கேட்கிறோம் என்று எண்ணிட்டுச் சொல்லும் வாசகம். 1ஆம் கிளெய்ம் பொதுவானது: தோளிலிருந்து கழற்றக்கூடிய பின் உள்ள கருவி. 7ஆம் கிளெய்ம் அதோடு பட்டையையும் கூம்பு இருக்கையையும் வெளித்தள்ளும் போல்ட்டையும் சேர்த்தது. தனித்தலைப்பு இட்டுத் தனியாக வாதிடாத கிளெய்ம்கள் எல்லாம் ஒன்றாகவே நிற்கும், ஒன்றாகவே விழும் என்பது விதி. அவர் 7க்குத் தனித்தலைப்பு இட்டார். நீங்கள் யாரை வைத்து எழுதினாலும் உங்கள் வாதுரையில் இந்தத் தலைப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பரிசோதகரின் பதிலில் ஒரு வலுவான அடி இருந்தது. கூம்பு இருக்கை புதிதா? லேத்திலும் துளைபோடும் மெஷினிலும் மோர்ஸ் டேப்பர் என்ற கூம்புப் பிடி காலங்காலமாக இருக்கிறதே! உண்மைதான், எங்கள் மெஷினிலேயே இருக்கிறது. 2 மாதத்துக்குள் மறுமொழி கொடுத்தோம். பரிசோதகரின் பதிலுக்கு விடையாக இல்லாத புதிய வாதத்தைப் பொதுவாக மறுமொழியில் எழுப்ப முடியாது என்பதால் முன்பு சொன்னதையே கூர்மையாக்கினோம்: கூம்பு பழையது, பொருத்துக்கோட்டைப் பட்டையால் வெளியே நகர்த்தியது பழையதல்ல.

வாய்மொழி விசாரணையையும் கேட்டிருந்தோம். அது தனிக் கட்டணம். வேர்ஜீனியாவில் பகல் 1 மணி, கொழும்பில் இரவு 10.30. வீடியோ இணைப்பில் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அண்ணனும் வந்திருந்தார். மூன்று நீதிபதிகள், எங்கள் பக்கத்துக்கு 20 நிமிடம். சட்டத்தரணி தொடங்கிய சில நொடிகளிலேயே ஒரு நீதிபதி இடைமறித்து மோர்ஸ் டேப்பரைப் பற்றிக் கேட்டார். சட்டத்தரணி பிரகடனத்தின் படத்துக்குப் போனார். "இந்த வளையம் ஏன் உருவானது என்பதற்குப் பரிசோதகரின் ஆவணங்கள் எதிலாவது பதில் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். திரையில் அண்ணன் அறுத்த துண்டு. அண்ணன் என் காதருகே குனிந்து, "அவர் என்ன கேக்கிறார்?" என்றார். சொன்னேன். "அதுதானே நானும் கேட்டது" என்றார்.

தீர்ப்பு எழுத்தில் வந்தது. 1ஆம் கிளெய்ம் போனது. தேய்ந்த பகுதியை மாற்றுவதற்காகக் கழற்றக்கூடியதாகச் செய்வது வெளிப்படை என்ற பரிசோதகரின் காரணத்தைச் சபை ஏற்றது. எனக்கு வருத்தம், ஆனால் அந்தப் பகுதி சரி என்றே நினைக்கிறேன். ஸ்க்ரூ போட்டுக் கழற்றும் யோசனை எங்களுக்கும் முதல் நாளே வந்ததுதான். 7ஆம் கிளெய்ம் மீதான மறுப்பைச் சபை நீக்கியது. பொருத்துக்கோட்டை நகர்த்த ஒருவருக்கு என்ன காரணம் இருந்திருக்கும் என்பதைப் பரிசோதகர் காட்டவில்லை, பிரகடனத்தில் சொன்ன உண்மைகளுக்கு மறுப்பும் இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

1ஆம் கிளெய்முக்காக சபைக்கு மேலே உள்ள ஃபெடரல் சர்க்கிட் நீதிமன்றத்துக்குப் போக 63 நாள் அவகாசம் இருந்தது. முதலாளி போக விரும்பினார். நான் வேண்டாம் என்றேன். வெறுமனே கழற்றி மாட்டும் பின்னை யார் செய்தாலும் அது ஒட்டிக்கொள்ளும், அதை யாரும் வாங்கப் போவதில்லை. கழலும் பின் வேண்டுமென்றால் 7ஆம் கிளெய்மின் வாசலுக்குத்தான் வர வேண்டும். அண்ணனும் அதையே சொன்னதால் முதலாளி ஒத்துக்கொண்டார். 7ஐத் தனித்து நிற்கும் கிளெய்மாகத் திருத்தி எழுதிக் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். பேட்டன்டில் கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் அண்ணனின் பெயர் இருக்கிறது. பராமரிப்புக் கட்டணம் பேட்டன்ட் கிடைத்த நாளிலிருந்து மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் கட்ட வேண்டும். முதல் தவணைக்கு இப்போதிருந்தே டொலர் ஒதுக்கி வருகிறோம்.