மூன்றாவது மூளையில் தெரிந்த பீப்பாய்கள்

சுண்டெலியின் மீசை முடி ஒவ்வொன்றுக்கும் அதன் மூளையின் வெளிப்படலமான புறணியில் தனி இடம் உண்டு. 1970-இல் உல்சியும் வான் டெர் லூஸும் அதை விவரித்து, பீப்பாய் போல இருந்ததால் 'பேரல்' என்று பெயர் வைத்தார்கள். பாடப்புத்தகப் படத்தில் பளிச்சென்று இருக்கும். நானே சாயமேற்றி அதைப் பார்க்க மூன்று மூளைகள் தேவைப்பட்டன.

முதல் மூளையை வழக்கம்போலக் குறுக்காகச் சீவினேன். புறணியின் ஆறு அடுக்குகளில் நான்காவதில் திட்டுத்திட்டாக ஏதோ தெரிந்தது. எது எந்த முடிக்கு உரியது என்று சொல்ல வழியில்லை. பீப்பாய்களைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான், மேலிருந்து பார்த்தால்தான் வரிசை தெரியும் என்றார் லேபில் இருந்த சீனியர் அக்கா. அதற்குப் புறணியை மட்டும் உரித்தெடுத்து, இரண்டு கண்ணாடி ஸ்லைடுகளுக்கு நடுவே அப்பளம்போல அழுத்தி, மேற்பரப்புக்கு இணையாகச் சீவ வேண்டும்.

சரி என்று இரண்டாவதை அழுத்தி, வெள்ளிக்கிழமை, திசு கெடாமல் காக்கும் பாராபார்மால்டிஹைடில் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். திங்கள்கிழமை சாயக் கரைசலில் 37 டிகிரியில் நாள் முழுக்க வைத்தும் சீவல்கள் வெளுப்பாகவே கிடந்தன. இந்தச் சாயம் செல்லுக்குள் இருக்கும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதி வேலை செய்தால்தான் ஏறும். மூன்று நாள் ஊறலில் நொதி போயே போய்விட்டது.

மூன்றாவதைச் சில மணி நேரத்திலேயே வெளியே எடுத்தேன். 50 மைக்ரான் சீவல்கள். முதல் எட்டில் ஒன்றுமில்லை, மங்கலான பழுப்புதான். ஒன்பதாவதில் ஐந்து வரிசைகள்! பின்பக்கம் பெரிய நீள்வட்டங்கள், முன்னே போகப்போக உதட்டோர முடிகளுக்கான பொடிப்பொடி வட்டங்கள். அடுத்த மூன்று சீவல்களோடு எல்லாம் முடிந்தது. அந்த அடுக்கு அவ்வளவு மெல்லியது.

வட்டத்தின் நடுவில் பழுப்பு ஏன் அடர்த்தி என்று கேட்டேன். புலன் சேதிகளைப் புறணிக்கு அனுப்பும் தலாமஸிலிருந்து வரும் இழைகள் அங்கேதான் குவிகின்றன, சுண்டெலியில் நியூரான்கள் பெரும்பாலும் சுவரோரம் நெருக்கியடித்து நிற்கின்றன என்றார் அக்கா. மீசையிலிருந்து புறப்படும் சேதி மூளைத்தண்டு, தலாமஸ் என்று எங்கே நின்றாலும் அங்கேயும் இதே வரிசைக் கோலம்தான். நான்காம் அடுக்கிலிருந்து மேலே இரண்டு, மூன்றாம் அடுக்குகளுக்கு ஏறி, பிறகு ஐந்தாம் அடுக்குக்கு இறங்குகிறது. பிறந்த சில நாளுக்குள் முடியின் வேர்ப்பையைச் சேதப்படுத்தினால் அதற்குரிய பீப்பாய் உருவாவதே இல்லையாம். அதைக் கேட்டபிறகு அந்த வட்டங்களை வெறும் படமாகப் பார்க்க முடியவில்லை.

பெருமையோடு லேபிளில் 'இடது அரைக்கோளம், வலது மீசை' என்று எழுதி நீட்டினேன். நுண்ணோக்கியில் ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இது வலது பக்கம் மாதிரி இருக்கே. சீவலைக் கவிழ்த்து ஒட்டிட்டியா?"

எந்தப் பக்கம் மேலே என்று தெரிய மூலையில் ஒரு வெட்டு போட்டு வைக்க மறந்திருந்தேன்.