என்ஜிசி 1569: ஹைட்ரஜன் ஆய்வேட்டில் நான் தடுமாறிய இடங்கள்

முதுநிலை இயற்பியலின் இறுதிப் பருவ ஆய்வேட்டுக்கு, விண்மீன்கள் அண்மைக் காலத்தில் மிகுதியாகப் பிறந்த சிறிய விண்மீன் திரளான (கேலக்ஸி) என்ஜிசி 1569-ஐ எடுத்துக்கொண்டேன். நியூ மெக்சிகோவின் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கியில் 27 அலைவாங்கிகள் பதிவு செய்த 21 செ.மீ. தரவு (ஹைட்ரஜன் வாயு உமிழும் ரேடியோ அலை) காப்பகத்திலேயே கிடைப்பதால், நேரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருக்கவில்லை.

கூர்மையான படம் வேண்டும் என்ற ஆசையில், அலைவாங்கிகள் 11 கி.மீ. வரை விலகி நிற்கும் பி அமைப்பின் தரவை மட்டும் முதலில் எடுத்தேன். படம் அழகாகத்தான் வந்தது. ஆனால் ஒற்றை அலைவாங்கி அளந்த மொத்தப் பாய்வோடு (வந்து சேரும் ரேடியோ ஆற்றலின் அளவோடு) ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார் நெறியாளர். என் கணக்கு வெகுவாகக் குறைந்திருந்தது. வானில் சுமார் 2 வில்நிமிடத்தைவிட (ஒரு வில்நிமிடம் என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) பரந்து கிடக்கும் வாயுவை அந்த அமைப்பு உணராது என்பதை, பாடத்தில் படித்திருந்தும், அன்றுதான் புரிந்துகொண்டேன். அலைவாங்கிகள் இன்னும் நெருக்கமாக நிற்கும் சி, டி அமைப்புகளின் தரவையும் சேர்த்த பிறகே வெளிப்புற வாயு தென்பட்டது. இத்திரளுக்கு அருகே ஒரு ஹைட்ரஜன் துணைமேகம் இருப்பதை 1998-இல் ஸ்டில், இஸ்ரேல் என்ற வானியலாளர்கள் அறிவித்திருந்தனர். விண்மீன் பிறப்பைத் தூண்டியது எது என்று கேட்பவர் தேட வேண்டிய தடயங்கள் இத்தகைய மங்கலான பகுதிகளில்தான் இருக்கின்றன. ஆகவே, கூர்மையான தரவுக்கனம் (ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு படமாக அடுக்கிய தொகுப்பு) ஒன்றும் மழுங்கலான தரவுக்கனம் ஒன்றும் தொடக்கத்திலேயே உருவாக்கிக்கொள்ளுங்கள்.

இத்திரள் விநாடிக்குச் சுமார் 80 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வருவதால், அதன் சில அலைவரிசைகளில் நமது பால்வெளியின் ஹைட்ரஜனும் கலந்துவிடுகிறது. தானியங்கி நிரலை நம்பாமல் ஒவ்வொரு அலைவரிசையையும் கண்ணால் பார்த்துப் பிரித்தேன். சலிப்பூட்டும் அவ்வேலைக்கு இரண்டு வாரம் ஒதுக்குவது நல்லது.

நிறைக் கணக்கு எளிது: ஜான்ஸ்கி-கி.மீ./விநாடி என்ற அலகில் உள்ள மொத்தப் பாய்வை, மெகாபார்செக்கில் (ஒன்று சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) உள்ள தொலைவின் வர்க்கத்தாலும் 2,36,000-ஆலும் பெருக்கினால் ஹைட்ரஜனின் நிறை, சூரிய நிறையின் மடங்குகளில் கிடைக்கும். பழைய கட்டுரைகள் பலவும் தொலைவைச் சுமார் 2.2 மெகாபார்செக் என்று கொண்டிருக்க, 2008-இல் ஹபிள் அளவீடு அதை ஏறத்தாழ 3.4 ஆக்கியது; எனவே நிறை இரு மடங்குக்கு மேல் கூடுகிறது. வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே, என் நிறை ஏன் பழைய கட்டுரையோடு ஒத்துப்போகவில்லை என்பதுதான். எந்தத் தொலைவைப் பயன்படுத்தினேன் என்று அட்டவணையின் அடியில் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். அதைச் சுட்டிக் காட்டியதும் தேர்வாளர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.