குட்டையில் ஒரு கயாக்

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

கொடைக்கானலிலேயே பிறந்து வளர்ந்து, ஏரியை நாளைக்கு நாலு தடவையாவது தாண்டிப் போகிற ஆள் நான், துடுப்பைக் கையில் பிடித்தது இன்றைக்குத்தான். அக்கா மகன் சென்னையிலிருந்து காற்றடிக்கிற கயாக் (இரண்டு முனையிலும் இலை மாதிரித் தட்டை வைத்த துடுப்பால் ஓட்டுகிற ஒடுக்கமான படகு) ஒன்றை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். ஏரியில் மிதிபடகுக் கூட்டம், அத்தனை பேர் பார்க்க விழுவதற்கு எனக்குத் தெம்பில்லை, அதனால் தாண்டிக்குடிப் பக்கம் தெரிந்தவருடைய காப்பித் தோட்டத்துக் குட்டைக்குப் போனோம். நெஞ்சளவுத் தண்ணீர்தான்.

நேராகப் போனால்தானே? செக்குமாடு மாதிரி இடப்பக்கமாகவே சுற்றியது. கரையிலிருந்து கத்துகிறான்: "மாமா, கையால இழுக்காதீங்க, உடம்பத் திருப்புங்க!" கால்விரல் பக்கத்தில் துடுப்பை முக்கி, இடுப்புக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டுமாம். இடுப்பைத் தாண்டி இழுத்தால் படகு முன்னால் போகாது, தலையைத்தான் திருப்பும். நான் முதுகுக்குப் பின்னால் வரைக்கும் இழுத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 3

பூண்டு மூட்டையைத் தூக்க முடியவில்லை. தோள்பட்டை. கடைப் பையன் சிரிக்கிறான்.

பிப்ரவரி 9

பையின் அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு கிடந்தது. மீன் செட்டை மாதிரி இருக்கும், படகுக்கு அடியில் மாட்ட வேண்டியது, காற்றடிக்கிற படகு நேராக ஓடுவதற்கு அதுதான் துணை. "போன வாரமே இதை மாட்டியிருக்கலாமே மாப்ள" என்றேன், மறந்துட்டேன் மாமா என்கிறான். சரி, மாட்டினோம். அப்பவும் இடதுதான்!

அப்புறம்தான் கோளாறு பிடிபட்டது. துடுப்புத் தண்டைத் தலையில் வைக்கச் சொன்னான். இரண்டு முழங்கையும் தச்சன் மூலைமட்டம் போல மடங்க வேண்டும், இரண்டு கைக்கு வெளியேயும் துடுப்பு சம அளவு நீண்டிருக்க வேண்டும். எனக்கு வலப்பக்கம் ஒரு சாண் கூடுதல். போடப் போட என் கை இடப்பக்கமாக நகர்ந்துவிடுகிறது, வலது இலை தூரத்தில் விழுகிறது, படகு இடது பக்கம் திரும்பாமல் என்ன செய்யும். கை இருக்க வேண்டிய இரண்டு இடத்திலும் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றினோம். இருபது ரூபாய் வைத்தியம். குட்டையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே கோடாகப் போனேன், திரும்பியும் வந்தேன்.

பிப்ரவரி 16

இன்றைக்கு வேண்டுமென்றே கவிழ்ந்தோம். அதற்கு முன்னால் லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தான், என்னுடையது காது வரைக்கும் ஏறியது, அப்படி ஏறினால் தண்ணீரில் அது மட்டும் மிதக்கும், நாம் உள்ளே நழுவுவோம். வாரை இறுக்கிக்கொண்டு கவிழ்ந்தேன். மலைத்தண்ணீர், மூச்சு தானாக உள்ளே இழுத்தது, வாய் தண்ணீருக்குள் இருந்திருந்தால் குடித்திருப்பேன். முதல் ஒரு நிமிஷம் எதுவும் செய்யாமல் படகைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சமாளிப்பதுதான் வேலை என்கிறான்.

ஏறுவதுதான் கொடுமை. கையை ஊன்றி எழும்பினால் கால் படகுக்கு அடியில் போய்விடுகிறது, படகும் நம் மேலேயே சாய்கிறது. மூன்று தடவை அப்படியே விழுந்தேன். காலைப் பின்னால் உதைத்து, உடம்பைத் தண்ணீர் மட்டத்துக்குப் படுக்க வைத்துக்கொண்டு, வயிற்றால் சறுக்கி ஏற வேண்டும், குப்புறக் கிடந்துவிட்டு மெல்லத் திரும்பி உட்கார வேண்டும். நாலாவது தடவை ஏறிவிட்டேன். களத்தில் காப்பி காயவைத்துக்கொண்டிருந்த பாட்டி, "என்ன சாமி, எருமை குளிப்பாட்டுறாப்ல இருக்கு" என்றார்.

பிப்ரவரி 23

மாப்ள ஊருக்குப் போயிருக்கிறான். வீட்டுக்காரியோடு ஏரியில் துடுப்புப் படகு எடுத்தேன், கயாக் ஓட்டுகிறவனுக்கு இதென்ன பிரமாதம் என்ற நினைப்பில். இது வேறு ஜாதி! துடுப்பு இரண்டும் படகின் விளிம்பில் மாட்டியிருக்கிறது, போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும். எதிரே உட்கார்ந்திருந்தவள்தான் வழி சொன்னாள், அவளுக்கு வலது என்றால் எனக்கு இடது, அதற்குள் ஒரு மிதிபடகில் முட்டியாகிவிட்டது. 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடைக்குக் கரை கட்டி உண்டாக்கிய ஏரி இது. நட்சத்திரம் மாதிரி கை கையாக நீண்டு கிடப்பதால் ஒரு கையில் காற்றே இருக்காது, அடுத்த கைக்குத் திரும்பினால் முகத்தில் அறைகிறது.

மார்ச் 2

குட்டையில் இன்றைக்கு நல்ல காற்று. போகும்போது எதிர்காற்றில் போ, திரும்பும்போது அது தள்ளிவிடும் என்றான் ஊரிலிருந்து திரும்பி வந்த மாப்ள. நான் மாற்றிச் செய்தேன். போகும்போது ராஜா, திரும்பும்போது கூலி. கடலில் இதே தப்பு ஆளைக் கொன்றுவிடுமாம்: கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்றில் கரையோரம் தண்ணீர் அசையாமல் கிடக்கும், நம்பி இறங்கினால் கொஞ்ச தூரத்தில் பிடித்துத் தள்ளிக்கொண்டே போகும். கடலுக்கு இப்போதைக்கு நான் வருவதாக இல்லை. பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போகலாம் என்கிறான், யோசிக்கிறேன்.

ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும் என்று கயாக்கை மொட்டை மாடியில் விரித்திருக்கிறோம். பூண்டு காயவைக்க இடமில்லை என்று கீழேயிருந்து சத்தம் வருகிறது.