பலாவுக்கு நூல் கட்டிய வருடம்

ஜனவரி 12
பண்ருட்டித் தோப்பு. மார்கழிப் பனி விடவில்லை. மரத்தடியில் விரல் நீளத்துக்குக் கறுத்து, பூசணம் படர்ந்து கிடந்தவற்றைக் காட்டி, "பிஞ்செல்லாம் அழுகிப் போச்சும்மா" என்றார் அப்பா. ஒன்றைப் பிளந்து காட்டினேன். அது ஆண்பூ. மகரந்தம் கொட்டியதும் உதிர்வதுதான் அதன் இயல்பு. பெண்பூவுக்குக் காம்பு தடிப்பு, அடியில் பச்சை வளையம் ஓடும், மேலே சொரசொரப்பு. அப்பா நம்பவில்லை. முப்பது வருடமாகப் பார்க்கிறவர், உடனே எப்படி நம்புவார்?

ஜனவரி 14
பூசணம் நல்ல பிஞ்சுக்கும் தாவும். உதிர்ந்ததையெல்லாம் கூடையில் வாரித் தொலைவில் புதைத்தோம்.

ஜனவரி 20
ஒரே மரத்தில் பத்துப் பெண்பூக்களுக்குச் சிவப்பு நூல் கட்டினேன். கிட்டே போய்ப் பார்த்தால் மேலெல்லாம் பூனைமுடி மாதிரி மஞ்சள் இழைகள். நாம் பெண்பூ என்பதே ஒரு பூங்கொத்து. ஒவ்வொரு இழையும் அதில் ஒரு தனிப் பூவின் சூல்முடி, அதாவது மகரந்தத்தை ஏற்கும் நுனி. மகரந்தம் பட்டுக் கருவுற்ற பூ சுளையாகும், மற்றது சுளைகளுக்கு நடுவே நார் நாரான சடையாகும். ஒரு பலாப்பழம் என்பது ஒரு பூவின் பழமே இல்லை, பல பூக்கள் ஒட்டிச் சேர்ந்த கூட்டுக்கனி. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீராது.

மார்ச் 3
2011 டிசம்பர் 30, தானே புயல். தாத்தா கொட்டை போட்டு வளர்த்த மரங்கள் அன்று வேரோடு சாய்ந்தன. அப்புறம் வைத்ததெல்லாம் ஒட்டுக்கன்று. கொட்டைக் கன்று தாயைப் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது. மகரந்தம் எந்த மரத்திலிருந்தும் வந்திருக்கலாம். ஓரத்தில் நிற்கும் 'பாலூர் 1' ரக மரம் வருடத்துக்கு இரண்டு பருவம் காய்க்கிறது. ஆனாலும் தாத்தா மரத்துச் சுளையின் மணம் இதில் இல்லை.

ஜூன் 9
நூல் கட்டியதில் ஏழு தேறின. ஆறாவது பழம் ஒரு பக்கம் அமுங்கி, கோணலாக இருந்தது. மண்டியில் பாதி விலைக்குக் கேட்டார்கள். கொடுக்க மனம் வரவில்லை, வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

கத்தியிலும் கையிலும் நல்லெண்ணெய் தடவி அறுத்தேன். உப்பிய பக்கத்தில் 31 சுளை. அமுங்கிய பக்கத்தில் நான்கே நான்கு, மீதி முழுக்கச் சடை. அந்தப் பக்கத்துப் பூக்களுக்கு மகரந்தம் எட்டவில்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அது அடிமரத்தோட அண்டிக் கிடந்த பூதானே? காத்தே போயிருக்காது" என்றார் அப்பா. என் குறிப்பேட்டைப் புரட்டினேன். ஆமாம், அதே பூதான்.

அவர் சடையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தையில கிழக்கு வரிசைக்கும் நூல் கட்டு" என்றார்.