அரிய நோய்: எந்த டாக்டரைப் பார்ப்பது?

மார்ச் 3
தடிமனான ஃபைலை யாரும் முழுசாகப் படிப்பதில்லை. மேலே ஒரே ஒரு தாள் வையுங்கள்: எந்த வயதில் எது தொடங்கியது, எதனால் கூடுகிறது, என்னென்ன மருந்து. முந்தைய டாக்டரின் யூகத்தை அதில் எழுதாதீர்கள். அடுத்தவரையும் அதே வழியில் இழுத்துவிடும். ‘தசை பலவீனம்’ என்பதைவிட ‘மாடி ஏறினால் தொடை இறுகி வலி, அன்றைக்கே சிறுநீர் கறுப்புக் காபி நிறம்’ என்பது நூறு மடங்கு உதவும். தசையின் வளர்சிதை மாற்றக் கோளாறோ என்று படிப்பவருக்கே தோன்றும்.

மார்ச் 8
உறுப்பை வைத்து டாக்டரைத் தேடித்தான் பலருக்கும் வருடங்கள் போகின்றன. ஃபேப்ரி என்ற பரம்பரை நோயில் சிறுவயதிலேயே உள்ளங்கையும் பாதமும் எரியும், வியர்வை குறையும், இடுப்பைச் சுற்றிக் கருஞ்சிவப்புப் புள்ளிகள் வரும். பிற்பாடு சிறுநீரில் புரதம், இதயச் சுவர் தடிப்பு. நரம்பு, தோல், சிறுநீரகம், இதயம் என்று நாலு டாக்டர்களும் அவரவர் பங்கைச் சரியாகவே பார்த்திருப்பார்கள். சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இருக்காது. சம்பந்தமில்லாத இரண்டு மூன்று உறுப்புகளில் தொந்தரவு என்றால் மரபணு மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கண் டாக்டரையும் விட்டுவிடாதீர்கள்: ஸ்லிட் லாம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்த்தால் கருவிழியில் சுழல் கோடுகள் தெரியலாம். (இதயத் துடிப்புக் கோளாறுக்குத் தரும் அமியோடரோன் மாத்திரையும் இதே கோடுகளைத் தரும். மருந்துப் பட்டியல் அதற்குத்தான்.) ஆண்களுக்கு ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்சைம் டெஸ்ட்டிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். பெண்களுக்கு அது நார்மலாக வரலாம். அந்த என்சைமுக்கான ஜிஎல்ஏ மரபணுவைத்தான் பார்க்க வேண்டும்.

மார்ச் 14
அரிய நோய்களுக்கான இணையதளமான ஆர்ஃபாநெட்டில் நோயின் பெயரைத் தேடினால் நிபுணத்துவ மையங்கள் கிடைக்கும். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளுக்கான பப்மெட் தளத்தில் தேடுவதானால், ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதியவரைவிடப் பலரைத் தொடர்ந்து பார்த்து எழுதியவரே மேல். அவருக்கு அனுப்பும் மெயிலில் அந்த ஒரு தாளும் ஒரே கேள்வியும் போதும்: ‘இது உங்கள் துறை இல்லையென்றால் யாரிடம் அனுப்புவீர்கள்?’

மார்ச் 19
அக்யூட் போர்ஃபிரியா (திடீர் திடீரென்று கடும் வயிற்றுவலி வரும் ஒரு அரிய நோய்) சந்தேகமா? வயிற்றுவலி இருக்கும்போதே சிறுநீர் எடுத்து, வெளிச்சம் படாமல் சுற்றி, இந்த நோயில் கூடும் போர்ஃபோபிலினோஜன் என்ற பொருளைப் பார்க்க அனுப்ப வேண்டும். வலி தீர்ந்து நாளானபின் எடுத்தால் நார்மல் என்று வந்து ஏமாற்றலாம்.

மார்ச் 27
எக்ஸோம் டெஸ்ட்டுக்கு (மரபணுக்களில் புரதம் செய்யச் சொல்லும் பகுதிகளை மட்டும் படிக்கும் டெஸ்ட்) முடிந்தால் அப்பா, அம்மா ரத்தத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பிள்ளையிடம் புதிதாகத் தோன்றிய மாற்றம் எது என்று அப்போதுதான் பிரியும். எக்ஸோம் என்பது மொத்த மரபணுத் தொகுதியில் 1–2 சதவீதம்தான். நடை தள்ளாடும் ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா போல, டிஎன்ஏவில் ஒரே எழுத்துக்கூட்டம் திரும்பத் திரும்ப நீளும் நோய்கள் இதில் தப்பிவிடும். அதற்குத் தனி டெஸ்ட். ‘நெகட்டிவ்’ வந்தால் மூலத் தரவைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஒன்றிரண்டு வருடம் கழித்து அதையே மறுபடி அலசச் சொல்லலாம், புதிதாக ரத்தம் எடுக்க வேண்டியதில்லை.