மிச்சத்தின் கணக்கு

பெருவெடிப்பில் பொருளோடு ஏறத்தாழச் சரிக்குச் சரியாகப் பிறந்தது எதிர்ப்பொருள்; பொருளைத் தொட்டால் இரண்டும் அழிந்து ஒளியாகிவிடும். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "அதெல்லாம் எங்கே போயிற்று?" என்ற கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். நானும் நெடுநாள் அந்தக் கேள்வியையே பெரும்புதிராக எண்ணியிருந்தேன். வாசிக்க வாசிக்க, கேள்வியே சற்றுக் கோணலாகக் கேட்கப்படுகிறது என்று தோன்றத் தொடங்கியது. எதிர்ப்பொருள் எங்கே போயிற்று என்பது ஓரளவு தெரிந்த கதைதான். ஏறத்தாழ அதே அளவு பொருளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு அது ஒளியாகப் போயிற்று. அந்த ஒளி இன்றும் எங்கும் பரவிக் கிடக்கிறது. சரிக்குச் சரியாகத் தீர்ந்திருக்க வேண்டிய கணக்கில் பொருளின் பக்கம் மட்டும் ஒரு துளி எப்படி மிஞ்சியது என்பதுதான் விளங்கவில்லை. விண்மீன்களும் கோள்களும் இதைத் தட்டச்சு செய்யும் விரல்களும் அந்தத் துளிக்குள் அடக்கம்.

கணக்குக்குப் போகும்முன் ஒரு புகைப்படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1932 ஆகஸ்ட் 2 அன்று கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் கார்ல் ஆண்டர்சன் எடுத்த அந்தக் கருப்புவெள்ளைப் படத்தின் அச்சுப் பிரதி ஒன்று என் மேசையருகே ஒட்டியிருக்கிறது. மின்சுமையுள்ள துகள்கள் செல்லும் வழியில் திவலைகள் படிந்து தடம் தெரியும் முகில் அறை ஒன்றின் நடுவே 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஈயத் தகடு கிடைமட்டமாக நிற்கிறது. அதன் கீழிருந்து மேலாக, நீர்த்திவலைகளால் ஆன ஒற்றை வளைகோடு செல்கிறது. தகட்டுக்குக் கீழே வளைவு மிதமானது, மேலே இறுக்கமானது. காந்தப்புலத்தில் ஒரு துகள் எவ்வளவு மெதுவாகச் செல்கிறதோ அவ்வளவு இறுக்கமாக வளையும். ஈயத்தைத் துளைத்து வெளிவரும் துகள் வேகம் இழந்துதான் வரும். ஆகவே துகள் கீழிருந்து மேலே சென்றிருக்கிறது. திசை தெரிந்துவிட்டால், வளைந்த பக்கத்தை வைத்து மின்சுமை நேர்மின் என்று சொல்லிவிடலாம். அப்படியானால் அது புரோட்டானோ? அவ்வளவு வளையும் அளவுக்கு மெதுவான புரோட்டான் சில மில்லிமீட்டர்களிலேயே நின்றுபோயிருக்கும். இந்தக் கோடோ அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் நீள்கிறது. எலெக்ட்ரானின் நிறையும் நேர்மின்சுமையும் கொண்ட ஒன்றுதான் இப்படி ஒரு தடத்தை விட்டுச் செல்ல முடியும். ஆண்டர்சன் படம்பிடித்துக்கொண்டிருந்த காஸ்மிக் கதிர்கள் விண்வெளியிலிருந்து, அதாவது மேலிருந்து வருபவை. இந்தத் துகள் மட்டும் கீழிருந்து கிளம்பி வந்து மாட்டிக்கொண்டது. ஈயத் தகடு அங்கே இல்லாமல் இருந்திருந்தால், மேலிருந்து கீழே இறங்கிய சாதாரண எலெக்ட்ரான் என்று யாரும் அதைக் கடந்து போயிருப்பார்கள்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1928-இல், பால் டிராக் எலெக்ட்ரானுக்கு எழுதிய சமன்பாடு வேண்டாத இன்னொரு விடையையும் சேர்த்தே தந்தது. அந்த இன்னொரு விடையை முதலில் புரோட்டான் என்று கருதிப் பார்த்த டிராக், நிறை பொருந்தாததால் 1931-இல் எதிர் எலெக்ட்ரான் என்ற புதிய துகளையே முன்வைத்தார்; இன்று அதன் பெயர் பாசிட்ரான். ஆண்டர்சன் அதைத் தேடிக் கிளம்பவில்லை; தற்செயலாகக் கண்டார். பெர்க்லியில் 1955-இல் எதிர்புரோட்டானும் 1956-இல் எதிர்நியூட்ரானும் கிடைத்தன. 1995-இல் செர்ன் ஆய்வகத்தில் எதிர்புரோட்டானைச் சுற்றிப் பாசிட்ரான் அமைந்த முழு எதிர்ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்பது உருவாகி, உருவான வேகத்திலேயே அழிந்தன.

எதிர்ப்பொருள் என்றால் எல்லாமே எதிராக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நிறை அதேதான், மின்சுமை போன்ற சில பண்புகள் மட்டுமே தலைகீழ். பள்ளிப் பருவத்தில் எதிர்ப்பொருளாலான கல் மேல்நோக்கி விழும் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன், ஒருவரோடு வாதாடியும் இருக்கிறேன். 2023-இல் செர்ன்னின் ஆல்ஃபா குழு இதை நேரடியாகவே சோதித்தது. செங்குத்தான காந்தப் பொறியில் எதிர்ஹைட்ரஜன் அணுக்களைப் பிடித்து வைத்து, மேல், கீழ் இரு வாய்களின் காந்தப்புலத்தையும் மெல்லத் தளர்த்தினார்கள். வெப்ப அசைவால் சில அணுக்கள் மேலே தப்பின; ஆனால் சுமார் 80 விழுக்காடு கீழ்வாய் வழியாகவே வெளியேறின. சாதாரண ஹைட்ரஜனை அங்கே வைத்திருந்தாலும் ஏறத்தாழ அப்படித்தான் நடந்திருக்கும் என்று கணிப்பு காட்டியது. என் வாதம் தோற்றதில் வருத்தமில்லை.

இன்னொரு தவறான எண்ணம், எதிர்ப்பொருள் ஏதோ ஆய்வகத்தில் மட்டும் அரிதாகக் கிடைக்கும் சரக்கு என்பது. உடலில் இருக்கும் பொட்டாசியத்தில் ஒரு சிறு பங்கு கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் அது நொடிக்கு 4,000-க்கும் மேற்பட்ட முறை சிதைகிறது; லட்சம் சிதைவுகளில் ஒன்றில் எலெக்ட்ரானுக்குப் பதிலாகப் பாசிட்ரான் வெளிவருகிறது. அதாவது அரை நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கிலாவது நம் ஒவ்வொருவர் உடலும் எதிர்ப்பொருளைப் பிறப்பித்துக்கொண்டிருக்கிறது. பிறந்த பாசிட்ரான் ஒரு மில்லிமீட்டர் அளவு நகர்வதற்குள் ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்துவிடும். இரண்டும் மறைந்து, தலா 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்பும். மருத்துவமனைகளில் எடுக்கும் பெட் ஸ்கேன் இந்த இரட்டைக் கதிர்களைப் பிடித்துத்தான் புற்றுநோய் இருக்கும் இடத்தைக் காட்டுகிறது.

இடிமின்னலிலும் இது நடக்கிறது. 2009 டிசம்பர் 14 அன்று எகிப்துக்கு மேலே பறந்துகொண்டிருந்த ஃபெர்மி விண்தொலைநோக்கியில் அதே 511 என்ற எண் பதிவாயிற்று. புயல் இருந்ததோ தொலைவில், ஜாம்பியாவில், தொலைநோக்கியின் அடிவானத்துக்கும் அப்பால். இடிமேகத்தில் பிறந்த பாசிட்ரான்கள் புவியின் காந்தக் கோடுகளைப் பற்றிக்கொண்டு ஏறிச் சென்று, விண்கலத்தின் உடலிலேயே மோதி அழிந்திருக்கின்றன. பால்வீதியின் நடுப்பகுதியிலிருந்தும் அதே கதிர் ஓயாமல் வருகிறது. அங்கே நொடிக்கு அழியும் பாசிட்ரான்களின் எண்ணிக்கை ஒன்றுக்குப் பின் 43 சுழியங்கள் போடும் அளவு. அவை எந்த மூலத்திலிருந்து பிறக்கின்றன என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

ஆக, எதிர்ப்பொருள் புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கிறது. நிலைத்துத் தங்கத்தான் அதற்கு இடமில்லை. எங்காவது எதிர்ப்பொருளாலேயே ஆன ஒரு பகுதி தனியே ஒதுங்கியிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள், டிராக்கே 1933-இல் தம் நோபெல் உரையில் அப்படிப்பட்ட விண்மீன்கள் இருக்கக்கூடும் என்றார். நிலவில் மனிதர் இறங்கி நடந்தார்கள், ஒன்றும் வெடிக்கவில்லை. சூரியன் வீசும் துகள்களான சூரியக் காற்று எல்லாக் கோள்களையும் நாள்தோறும் தொட்டுக்கொண்டிருக்கிறது, அங்கும் அழிவின் ஒளி எழவில்லை. அதற்கு அப்பாலும் வெளி முற்றிலும் வெறுமையானதல்ல. விண்மீன்களுக்கு இடையிலும் விண்மீன் மண்டலங்களுக்கு இடையிலும் மெல்லிய வாயு இருக்கிறது. எதிர்ப்பொருள் நாடு ஒன்று எங்காவது இருந்தால், அதன் எல்லைக்கோடு முழுவதும் காமா கதிரில் ஒளிர வேண்டும். அப்படி ஒளிரும் எல்லை எதுவும் தென்படவில்லை. கோஹன், டி ரூஹுலா, கிளாஷோ என்ற இயற்பியலாளர்கள் மூவரும் 1998-இல் இதைக் கணக்கிட்டு, அப்படி ஒரு பகுதி இருந்தால் அது நாம் காணக்கூடிய அண்டம் அளவுக்கே பெரிதாக இருக்க வேண்டும் என்று காட்டினார்கள். என்னைப் பொறுத்தவரை, ஒளித்து வைக்கப்பட்ட எதிர்ப்பொருள் என்ற எண்ணத்துக்கு அத்தோடு முற்றுப்புள்ளி வைத்துவிடலாம்.

இப்போது கணக்கு. பெருவெடிப்புக்குப் பின்னான மிகச் சிறு கணத்தில் அண்டம் கொதித்துக்கொண்டிருந்தபோது, ஆற்றலிலிருந்து துகளும் எதிர்த்துகளும் இணையாகப் பிறந்தன, இணையாக அழிந்தன. வரவும் செலவும் சமமாக ஓடிக்கொண்டிருந்தன. அண்டம் விரிந்து குளிர்ந்தபோது புதிய இணைகளைப் பிறப்பிக்க ஆற்றல் போதவில்லை. அழிவு மட்டும் தொடர்ந்தது. முதல் சில நிமிடங்களுக்குள் பாசிட்ரான்கள் உட்பட எல்லாம் தீர்ந்துவிட்டன. அப்போது விடுபட்ட ஆற்றல் அண்டத்தை நிறைத்த கதிர்வீச்சோடு கலந்தது. அண்டம் விரிய விரிய நீண்டு குளிர்ந்துபோன அந்தக் கதிர்வீச்சைத்தான் பென்ஸியாஸும் வில்சனும் கண்டதாக 1965-இல் அறிவித்தார்கள். இன்று வெளியின் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் அதன் ஒளித்துகள்கள் சுமார் 411 உள்ளன. புரோட்டான், நியூட்ரான் வகைத் துகள்களோ, அண்டம் முழுவதற்கும் சராசரி பார்த்தால், நான்கு கன மீட்டருக்கு ஒன்றுதான். பெருக்கிப் பார்த்தால், ஒரு துகளுக்கு 160 கோடி ஒளித்துகள்கள். இந்த விகிதம் சொல்வது இதுதான்: எதிர்த்துகள்கள் ஏறத்தாழ நூறு கோடி இருந்த இடத்தில், துகள்கள் நூறு கோடியே ஒன்று இருந்தன. அந்த ஒன்றில்தான் கணக்கு உதைக்கிறது.

தொடக்கத்திலேயே ஒன்று கூடுதலாக இருந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் தொடக்கக் கணத்தில் அண்டம் அசுர வேகத்தில் விரிந்தது என்ற கொள்கை சரியானால், முன்னமே இருந்த எந்த மிகுதியும் அந்த விரிவில் இல்லாத அளவுக்கு நீர்த்துப்போயிருக்கும். எனவே மிகுதி அதற்குப் பிறகு உருவாகியிருக்க வேண்டும். அதற்கு என்னென்ன வேண்டும் என்று 1967-இல் சோவியத் இயற்பியலாளர் ஆந்திரே சகாரவ் ஒரு சிறு கட்டுரையில் வகுத்தார். பொருளின் மொத்த எண்ணிக்கையை மாற்றக்கூடிய வினை ஒன்று இயற்கையில் இருக்க வேண்டும். அந்த வினை பொருளையும் எதிர்ப்பொருளையும் ஒரே மாதிரி நடத்தாமல் ஓரவஞ்சனை செய்ய வேண்டும். அது நடக்கும்போது அண்டம் வெப்பச் சமநிலையில் இல்லாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னோக்கி நடந்தது பின்னோக்கியும் நடந்து ஆதாயம் அழிந்துவிடும்.

ஓரவஞ்சனைக்கான சான்று அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தது. 1964-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் குரோனினும் ஃபிட்சும் அவர்களுடைய குழுவும், நீண்ட ஆயுளுள்ள நடுநிலைக் கேயான்கள் என்ற நிலையற்ற துகள்களின் சிதைவைக் கவனித்தார்கள். துகளை எதிர்த்துகளாக்கி, கூடவே கண்ணாடியில் போல இடவலத்தையும் மாற்றி வைத்தால் இயற்கைக்கு வேறுபாடு தெரியாது என்ற விதி முழுமையானதாக இருந்தால், அவை ஒருபோதும் பையான்கள் என்ற இலேசான துகள்கள் இரண்டாகச் சிதையக் கூடாது. 22,700 சிதைவுகளில் 45 அப்படிச் சிதைந்திருந்தன. சுமார் 500-க்கு ஒன்று. பிழை என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவுதான், அவர்கள் ஒதுக்கவில்லை. 1973-இல் கோபயாஷியும் மஸ்கவாவும், புரோட்டான் போன்றவற்றின் உட்துகள்களான குவார்க்குகள் ஆறு வகை இருந்தால் இந்த மீறல் இயல்பாகவே வரும் என்று எழுதியபோது, அறியப்பட்டிருந்தவை மூன்று மட்டுமே. மற்ற மூன்றும் பின்னர் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. 2025-இல் செர்ன்னின் எல்எச்சிபி குழு, புரோட்டானின் இனத்தைச் சேர்ந்த பாரியான் ஒன்றிலேயே இந்த வேறுபாட்டை முதன்முறையாக அறிவித்தது. அளவு சுமார் 2.5 விழுக்காடு.

இவ்வளவும் சேர்ந்தும் போதவில்லை என்பதுதான் வேதனை. அறியப்பட்ட மீறல்களை வைத்துக் கணக்கிட்டால் கிடைக்கும் மிச்சம், நாம் காணும் மிச்சத்தைவிடப் பல கோடி மடங்கு சிறியது. மூன்றாவது நிபந்தனையும் கைகொடுக்கவில்லை: மற்றத் துகள்களுக்கு நிறை தரும் புலத்தைச் சேர்ந்த, 2012-இல் கண்டறியப்பட்ட ஹிக்ஸ் துகளின் நிறை, தொடக்க அண்டத்தில் தேவைப்பட்ட திடீர் நிலைமாற்றத்துக்கு இடம் தராத அளவுக்கு அதிகமாக இருக்கிறது. நீர் கொதித்துக் குமிழ் விடுவதுபோல நடந்திருக்க வேண்டியது, வெண்ணெய் இளகுவதுபோல மெல்ல நடந்து முடிந்திருக்கும். எனவே பலர், பொருளோடு அரிதாகவே வினைபுரியும் மின்சுமையற்ற துகள்களான நியூட்ரினோக்களின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். மிகக் கனமான நியூட்ரினோக்கள் முற்காலத்தில் ஒருதலையாகச் சிதைந்து இந்த மிகுதியைத் தொடங்கி வைத்திருக்கலாம் என்பது அவர்களின் வழி. எனக்கும் இதில் ஒரு சாய்வு உண்டு, ஆனால் அந்தக் கனத் துகள்களை எந்த முடுக்கியாலும் உருவாக்கிப் பார்க்க முடியாது என்பதால், அழகைத் தவிர வேறு ஆதாரம் என் கையில் இல்லை. ஜப்பானில் எழும்பிவரும் ஹைப்பர் கமியோகாண்டே என்ற நியூட்ரினோ ஆய்வுக்கூடம், இலேசான நியூட்ரினோக்களும் எதிர்நியூட்ரினோக்களும் வேறுபட்டு நடக்கின்றனவா என்று பார்க்கும். அது மறைமுகச் சான்றுதான்.

இன்னொரு புறம் எதிர்ஹைட்ரஜனைக் காந்தப் பொறியில் வைத்து லேசர் அடித்துப் பார்க்கும் பணி நடக்கிறது. அது சோதிப்பது சற்று வேறான, இன்னும் அடிப்படையான ஒரு சமச்சீரை. அங்கே வேறுபாடு கண்டால் மிச்சத்தின் கணக்கு மட்டுமல்ல, துகள் இயற்பியலின் அடித்தளமே ஆட்டம் காணும். 2018-இல் ஆல்ஃபா குழு எதிர்ஹைட்ரஜனின் ஒரு நிறமாலைக் கோட்டை 12 இலக்கத் துல்லியத்தில் அளந்தது. ஹைட்ரஜனின் கோட்டோடு அது ஒத்துப்போயிற்று. சாதாரண ஹைட்ரஜனில் அதே கோடு 15 இலக்கம் வரை அளக்கப்பட்டிருக்கிறது. இடைப்பட்ட அந்த மூன்று இலக்கங்களை எட்டத்தான் இப்போது எதிர்ஹைட்ரஜனைக் குளிர்வித்துக்கொண்டிருக்கிறார்கள்.