பெரியப்பாவின் லேத் பட்டறை

திருகோணமலையில் மீன்பிடி வள்ளம் வைத்திருந்த பலருக்குப் பெரியப்பாவைத் தெரியும். சொந்தமாக, உலோகத்தைச் சுழற்றிக் கடையும் ஒரு லேத் மெஷின், ஒரு டிரில், ஒரு வெல்டிங் செட், அவ்வளவுதான் அவருடைய பட்டறை. வெளிச்சம்கூடச் சரியாக இராது.

வள்ளத்து விசிறியைச் சுழற்றும் சாஃப்ட் தேய்ந்தால், அதைத் தாங்கும் புஷ் போனால் நேரே அவரிடம்தான். யாராவது மலிவாகப் பித்தளையில் புஷ் கடைந்து தரச் சொன்னால் மாட்டார். பித்தளையில் இருக்கிற துத்தநாகத்தை உப்புத்தண்ணீர் மெல்ல மெல்லத் தின்றுவிடும், மிஞ்சுவது தொட்டால் உதிரும் செம்புதான், வெண்கலம் கொண்டு வா தம்பி என்று திருப்பி அனுப்பிவிடுவார், அதனால் போன வேலைகள் எத்தனையோ.

1957 வரை இங்கே பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்ததல்லவா, அந்தக் காலத்துப் பழைய இரும்பும் அவரிடம் வரும். அதில் இருப்பதெல்லாம் விட்வேத் என்கிற பழைய பிரிட்டிஷ் அளவுப் புரி. அரை இஞ்சி ஆணியில் இஞ்சிக்கு 12 புரி, யூஎன்சி என்கிற அமெரிக்க அளவு ஆணியில் 13. ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால் இரண்டு சுற்று நன்றாகப் போகும், அப்புறம் இறுகிவிடும். அவசரக்காரர் ஸ்பானரைப் போட்டு முறுக்கிப் புரியை நாசமாக்கிக்கொண்டு வருவார்கள். பெரியப்பா புரி அளக்கிற கேஜைக்கூட எடுக்கமாட்டார், நகத்தால் புரியை வருடிப் பார்த்தே அது எந்தப் புரி என்று சொல்லிவிடுவார்.

கணக்குக் கொப்பி மட்டும் படுமோசம். பாதிப்பேர் காசே கொடுக்கவில்லை. பெரியம்மா இன்றைக்கும் அவர்களின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லுவா.